விறைப்பு என்றால் என்ன?

மவுண்ட் ரொஸ்கிலில் இருந்து மனுக்கௌ வரைக்கும் எந்தெந்த இடத்தில் பொதுக் கழிப்பறை இருக்கிறது, எது பின்னேரமே பூட்டுப்படும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். மூன்று வருடமாக எனக்கு ஒக்லாந்து என்றால் அந்த வரைபடம்தான். ஹமில்டனில் ஒரு கலியாணவீடு என்றால் வெளிக்கிட முதல் ஒரு தரம், பொம்பேயில் பெற்றோல் ஷெட்டில் ஒரு தரம் (ஓம், நியூசிலாந்திலும் ஒரு பொம்பே இருக்கிறது, ஒக்லாந்தின் தெற்கு வாசலில்), பிறகு ஹன்ற்லிக்குள் இறங்கி ஒரு தரம். மண்டபத்தில் கதவுக்குப் பக்கத்துக் கதிரை. கோயில் திருவிழா என்றால் "நாரி நோகுது" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே நின்றுவிடுவேன்.

நாரி நோ பொய்யில்லை. ஆனால் அது முழுக்கதையும் இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். மனுசி முதலில் "உங்களுக்கு வெக்கமில்லையோ" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, "எழுதுங்கோ, ஆனா என்ட பேரைப் போடாதேங்கோ" என்றாள். ஷெல்லடி பற்றியும் பங்கருக்குள் பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் எத்தனையோ எழுதியிருக்கிறேன், அப்போது வராத கூச்சம் சலம் போகிற கதையை எழுதும்போது வருகிறது. எங்கள் சனத்தின் வியாதியே இதுதான் என்பது என் எண்ணம்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. ஆகவே அடிக்கடி சலம் வருவதற்குக் காரணம் சீனிதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். வயது அறுபதை நெருங்குவதால் "புரொஸ்ரேற் ஆக இருக்கும்" என்று கூட வேலை செய்கிற ஒருவர் சொன்னார். இரண்டும் நடக்கக்கூடியவைதான், அதனால் நம்புவது சுகமாக இருந்தது. இடது கால் பெருவிரலில் இருந்து மேலே ஒரு விறைப்பு, பிறகு கதிரையில் குந்துகிற இடத்திலும் ஒரு விறைப்பு. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

குடும்ப டொக்டரிடம் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று இல்லை. வேலைக்கும் கடைக்கும் பொலிசுக்கும் காணும். உடம்புக்குக் காணாது. அன்றைக்கு டொக்டர் நாரி நோவைப் பற்றிக் கேட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, சலம் போறதில ஏதும் பிரச்சினை இருக்கோ எண்டு கேக்கிறார்."

"இல்லை எண்டு சொல்லு பிள்ளை."

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பொய் சொல்கிறேன் என்று அவளுக்கும் தெரியும், இரவில் நான் எத்தனை தரம் எழும்புகிறேன் என்பதைப் பக்கத்து அறையில் படுத்திருந்து எண்ணியவள் அவள். ஆனாலும் அவள் "நோ" என்று சொன்னாள். அந்த ஒரு "நோ" எனக்கு மூன்று வருடம் எடுத்தது.

பிறகு ஒருநாள் வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், ஒரு நேர்ஸ் என்னைக் கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொல்லி, வயிற்றில் பசை பூசி ஒரு சின்ன ஸ்கான் கருவியை வைத்துப் பார்த்தார். அப்போதுதான் போய்விட்டு வந்திருக்கிறேன், உள்ளே 420 மில்லிலீற்றர் கிடக்கிறது! ஒரு வளர்ந்த ஆளின் சலப்பை சாதாரணமாகப் பிடிப்பதே 400, 500தான். அதாவது என்னுடைய தொட்டி ஒருநாளும் காலியாகவில்லை. நிரம்பி வழிகிற தண்ணியைத்தான் நான் "அடிக்கடி வருகுது" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சலப்பையை அடக்குகிற குளிசையை இந்த நிலையில் உள்ளவருக்குக் கொடுத்தால் இன்னும் தேங்கும், தேங்கினால் கிருமி, கிருமி பிறகு சிறுநீரகம்.

விசேட டொக்டரிடம் அனுப்பினார்கள். இந்தமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, ஆஸ்பத்திரியே ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தது. சென்னைப் பக்கத்துத் தம்பி, நல்ல மரியாதையான பிள்ளை, "சார்" "சார்" என்று.

"நாரி நோகுது தம்பி."

"நாரின்னா... பெண்ணா சார்?"

சிரிக்காதேங்கோ. இலக்கியம் படித்த பிள்ளை போல. இடுப்புக்குப் பின்பக்கம் என்று விளங்கப்படுத்தினேன். சலம் என்றேன், அதையும் "யூரினா சார்?" என்று கேட்டு உறுதிப்படுத்தினார். பிறகு பெரிய வில்லங்கம் வந்தது. மூன்று வருடம் பொத்திவைத்த வசனத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "கீழ அந்த இடத்தில விறைப்பாக் கிடக்கு."

தம்பி மொழிபெயர்த்தார். டொக்டரின் முகம் மாறியது. விறைப்பு எத்தனை மணித்தியாலம் நிற்கிறது, நோகிறதா, ஏதாவது குளிசை போட்டீர்களா என்று கேட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது கட்டிலுக்குக் கீழே ஒளிக்கலாம் போல இருந்தது. எங்களுக்கு விறைப்பு என்றால் உணர்ச்சி இல்லாமல் போவது. அந்தத் தம்பியின் ஊரில் அதற்கு மரத்துப்போவது என்று சொல்வார்கள், விறைப்பு என்றால் நட்டுக்கொண்டு நிற்பது. நான் "ஒன்றும் தெரியுதில்லை" என்று சொன்னதை அவர் அதன் நேர் எதிராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவரில் பிழையில்லை. தமிழ் ஒரு மொழி என்று பதிவேட்டில் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டால் போதும் என்று நினைக்கிற அமைப்பில்தான் பிழை.

"விறைப்பு இல்லை தம்பி, தொட்டாத் தெரியாது. ஊசியால குத்தினாலும் தெரியாது."

இது சரியாகப் போய்ச் சேர்ந்தவுடன் டொக்டர் கதிரையை நகர்த்திக்கொண்டு கிட்ட வந்தார். குதிரைச் சேணத்தில் இருந்தால் எந்தெந்த இடம் படுமோ அந்த இடமெல்லாம் விறைத்தால் அது நாரியில் நரம்பு நசிவதன் அடையாளமாக இருக்கலாம். முள்ளந்தண்டு வடம் முள்ளந்தண்டின் அடிவரைக்கும் போவதில்லை, நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனியாகக் குஞ்சம் போலத் தொங்குகின்றன. லத்தீனில் அதற்குக் குதிரைவால் என்றே பெயர், கோடா எக்குவைனா. அந்த வாலின் கடைசி மயிர்கள்தான், எஸ் 2, எஸ் 3, எஸ் 4 என்று எண்ணிட்டவை, சலப்பையையும் மலவாசலையும் ஆண்பெண் உறுப்பையும் பார்த்துக்கொள்கின்றன. அவ்வளவு பெரிய பொறுப்பு, அவ்வளவு சின்ன நூல்.

அந்த நூல் வேலை செய்கிறதா என்று பார்க்க மிகப் பழைய ஒரு முறை இருக்கிறது. மெசின் தேவையில்லை. மலவாசலுக்குப் பக்கத்துத் தோலை மெல்லக் கீறினால் அங்குள்ள தசை கண் சிமிட்டுவதுபோல ஒருதரம் சுருங்க வேண்டும். அடுத்தது, டொக்டர் கையுறை போட்ட ஒரு விரலை மலவாசலில் வைத்துக்கொண்டு ஆணுறுப்பின் நுனியை (பெண்களுக்கு அதற்கு ஒத்த இடத்தை) ஒருதரம் சட்டென்று அழுத்துவார். விரலைச் சுற்றித் தசை இறுக வேண்டும். நீங்கள் நினைத்துச் செய்வதில்லை, தானாக நடக்கும். செய்தி நரம்பு வழியாக முள்ளந்தண்டு வடத்தின் அடிநுனிக்குப் போய், மூளையைக் கேட்காமலே திரும்பி வந்துவிடும். போய்வர எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு அளவில். அந்தத் தசைக்குக் கட்டளை கொடுக்கும் நரம்புக் கலங்களின் சின்னக் கூட்டத்தை 1899இல் ஒனுஃப் என்பவர் விவரித்தார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வாசிக்கக் கூசுகிறதா? அந்தக் கட்டிலில் படுத்திருக்க எனக்கும் கூசியது. ஆனால் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். எனக்கு வலப்பக்கம் இறுகியது, இடப்பக்கம் பேருக்கு அசைந்தது. மூன்று வருடக் குழப்பத்துக்கு முதலாவது நேரான பதில் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கிடைத்தது.

இதை மந்திரக்கோல் என்றும் நினைக்க வேண்டாம். நரம்பில் ஒரு குறையுமில்லாத பெண்களிலும் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் கையால் செய்யும்போது இந்த மறிவினை பிடிபடாமல் போகலாம் என்று 1981இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. லண்டன் செயின்ற் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் 1980களில் விரல் நுனியில் மின்வாய் கட்டிய கையுறை ஒன்றை உருவாக்கி, இடுப்படி நரம்பின் வேகத்தை அளந்தார்கள். கொஞ்சக் காலம் எங்கும் அதே பேச்சு. பிறகு, மிச்சமிருக்கும் வேகமான நார்களைத்தான் அது காட்டுகிறது, பாதி நரம்பு செத்தாலும் "நோர்மல்" என்று வரலாம் என்று தெரிந்து மதிப்பு இறங்கிவிட்டது. ஆகவே ஒரு தாளில் நோர்மல் என்று வந்தால் உங்கள் உடம்பு பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை.

அடுத்த கட்டம் மின்சாரத்தில் அளப்பது. அதே மறிவினைதான், ஆனால் அழுத்துவதற்குப் பதிலாகச் சின்ன மின்துடிப்பு, தசையில் ஒரு ஊசி, எத்தனை மில்லி வினாடி என்று திரையில் வரும். வேறொரு நாள், வேறொரு அறை. அன்றைக்கு ரெலிபோனில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. என்னுடைய ஊர்த் தமிழ் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் வினையாய்ப் போனது. தொழில்நுட்பப் பெண் ஏதோ சொன்னார், ஐயா நல்ல தமிழில் தெளிவாக மொழிபெயர்த்தார்:

"தம்பி, கீழ வயர் கொழுவி மெல்லிசாக் கரண்ட் பிடிப்பினமாம். பயப்படாதேங்கோ."

நான் எப்படிக் கட்டிலால் இறங்கினேன் என்று தெரியாது. சுவரோடு நின்றேன். காற்சட்டை கையில்.

ஊரில் ஒரு முகாமில் பதினேழு நாள் இருந்திருக்கிறேன். அங்கும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள், ஏறத்தாழ இதே இடம். அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். நான் 1997இல் இந்த நாட்டுக்கு வந்தபோது வழக்கறிஞருக்கு ஒருதரம் சொன்னேன், பிறகு மனுசிக்கும் முழுக்கச் சொன்னதில்லை.

அந்தப் பெண் செய்ததை நான் மறக்கமாட்டேன். உடனே மெசினின் சுவிற்சை நிற்பாட்டி, வயரையும் சுவரில் இருந்து கழற்றி, கழற்றியதை எனக்குக் காட்டினார். ஒரு போர்வை தந்தார். கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கதைத்தார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கலாம், அல்லது நல்ல மனமாக இருக்கலாம்.

ஆனால் என்னுடைய கேள்வி அதற்கு முந்தியது. ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தில் ரத்த அழுத்தம், சீனி, ஒவ்வாமை, பேஸ்மேக்கர் எல்லாம் கேட்டிருந்தது. "ட்ரோமா" என்றும் ஒரு பெட்டி இருந்தது. மகள் அதைப் பார்த்து "அதிர்ச்சி ஏதும் இருக்கோ அப்பா" என்று கேட்டாள், நான் இல்லை என்றேன். ஊரில் எல்லாரும் பட்டதுதானே, அதற்கு ஒரு பெட்டியா? இப்படிக் கேட்டால் எங்கள் ஆட்கள் ஒருவரும் ஓம் என்று சொல்லமாட்டார்கள். "உங்கள் உடம்பில் யாராவது எப்போதாவது மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார்களா, இந்தப் பரிசோதனையில் எது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்" என்று தனியாக, மகளும் மனுசியும் இல்லாத அறையில், மெசினைப் போட முதல் எல்லாரிடமும் கேட்க வேண்டும். அகதியிடம் மட்டுமில்லை, எல்லாரிடமும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் எந்த நாட்டில் இல்லை?

இந்த விடயத்தில் ஒக்லாந்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1987 ஜூனில் மெற்றோ சஞ்சிகையில் சான்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள், இங்குள்ள நாஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரியில் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் இருந்த பெண்களுக்கு, அவர்களுக்கே தெரியாமல், முறையான வைத்தியம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை எழுதினார்கள். நீதிபதி சில்வியா கார்ட்றைற் விசாரித்து 1988இல் அறிக்கை வைத்தார். மயக்கத்தில் கிடந்த பெண்களை மாணவர்கள் அனுமதியில்லாமல் உட்பரிசோதனை செய்து பழகியதும் அந்த விசாரணையில் வெளிவந்தது. அதன் பலனாக 1996இல் வந்ததுதான் நோயாளர் உரிமைக் கோவை. உங்களுக்கு விளங்குகிற விதத்தில் சொல்ல வேண்டும், தேவையான இடத்தில், இயலுமான அளவுக்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும், உங்களுக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிவரலாம், தொடங்கிய பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம். இது யாருடைய கருணையுமில்லை, சட்டம். அந்தக் கட்டிலில் ஏற முதல் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மின்சாரப் பரிசோதனை எனக்குச் செய்யவில்லை. கையால் பார்த்ததும் எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்தால் காணும் என்று டொக்டர் சொன்னார். இது நான் கேட்டதால் கிடைத்த பதில். கேட்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

எம்.ஆர்.ஐ. என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இதை மட்டுமாவது மறவாதேங்கோ. உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அது பெரிய காந்தம். இரும்புத் துண்டு கண்ணுக்குப் பக்கத்திலோ நரம்புக்குப் பக்கத்திலோ இருந்தால் அசையலாம், சூடேறலாம். என் தொடையில் ஒன்று இருக்கிறது, பனிக்காலத்தில் மட்டும் ஞாபகம் வரும். சொன்னேன், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இப்படித் துண்டுகளோடு திரிகிறார்கள், அதை ஒரு காயமாகவே கணக்கெடுக்காமல்!

நாரியின் அடியில் இரண்டு இடத்தில் சவ்வு பிதுங்கி நரம்பை நசித்துக்கொண்டிருந்தது. ஒப்பரேசன் செய்தார்கள். கால் விறைப்பு பெரும்பாலும் போய்விட்டது. சலப்பை திரும்பி வரவில்லை. முந்தி வந்திருந்தால் சரிவந்திருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார், நேர்மையான ஆள். திடீரென்று நாரி நோவோடு சலம் போகாமல் நின்று, குந்துகிற இடம் விறைத்தால் அது நாட்கணக்கில் பார்க்கிற வருத்தமில்லை, மணிக்கணக்கில் பார்க்கிற வருத்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, வாகனமில்லாவிட்டால் 111. குடும்ப டொக்டரின் அடுத்த கிழமை நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். என்னுடையது மெதுவாக வந்தது, அதனால்தான் நானும் மெதுவாக ஒளித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு நாளைக்கு நாலு தரம் மெல்லிய குழாய் ஒன்றை நானே செலுத்திச் சலத்தை எடுக்கிறேன். முதல் தரம் கை நடுங்கியது, இப்போது பல் தீட்டுகிற மாதிரி. இந்தக் குழாய்க்குப் பின்னாலும் ஒரு அகதியின் கதை இருக்கிறது. லூட்விக் குட்மான் என்ற யூத டொக்டர் 1939இல் ஹிட்லரின் ஜேர்மனியில் இருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். 1944இல் ஸ்ரோக் மன்டவில் என்ற இடத்தில் முள்ளந்தண்டு அடிபட்ட படைவீரர்களுக்கு ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரைக்கும் அப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது குண்டில்லை, படுக்கைப் புண்ணும் சலக்கிருமியும்தான். நேரத்துக்கு நேரம் சுத்தமாகச் சலத்தை எடுத்து, ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்து, உயிரோடு வைத்திருந்தார். (பராலிம்பிக் விளையாட்டுக்கும் வித்து அவர் போட்டதுதான்.) வன்னியில் 2009க்குப் பிறகு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போன எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரைக் கிருமி கொண்டுபோனது என்று நினைக்கும்போது, நாங்கள் ஊருக்கு அனுப்புகிற காசில் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குழாய்க்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நாற்காலி கொடுத்தால் படம் எடுக்கலாம், குழாய் கொடுத்துப் படம் எடுக்க ஏலாது. அதுதான் பிரச்சினை.

மனுசி இதை வாசித்துவிட்டு, "உங்கட கதையை மட்டும் எழுதினாக் காணுமோ" என்று கேட்டாள். நியாயம்தான். பிள்ளைப்பேற்றில் இடுப்படித் தசையும் நரம்பும் இழுபட்டு, தும்மினால் சலம் கசிகிற பெண்கள் எங்கள் வீடுகளில் எத்தனை பேர்? அவர்கள் துணி வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறார்கள், நான் வராமல் நின்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். நியூசிலாந்தில் 2022 ஒக்ரோபர் 1க்குப் பிறகு நடந்த பிள்ளைப்பேறுகளில் தாய்க்கு ஏற்படும் சில காயங்களை, இடுப்படி நரம்புப் பாதிப்பு உட்பட, ஏ.சி.சி. ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முந்திப் பெற்றவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை, அது பெரிய அநியாயம். ஆனாலும் பயிற்சியும் வைத்தியமும் எல்லா வயதுக்கும் உண்டு. எங்கள் சங்கங்கள் வருடா வருடம் வைக்கிற மருத்துவக் கருத்தரங்கில் இருதயம், சீனி, கொலஸ்ட்ரோல். இந்த முறை இதை வையுங்கோ என்று ஒரு சங்கக் காரருக்குச் சொன்னேன். "பொம்பிளையளும் வருவினம் அண்ணை" என்றார். அவர்களுக்காகத்தானே ஐயா சொல்கிறேன்!

மொழிபெயர்ப்பாளர் பற்றி இன்னொரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒக்லாந்துத் தமிழ்ச் சனம் ஒரு கைக்குள் அடங்கும், ரெலிபோனில் வருகிறவர் நாளைக்குக் கடையில் எதிரே வருவாரோ என்று. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று டொக்டரிடம் கேட்டேன், சொல்லவில்லை. வேறு நகரத்தில் இருந்து ஒருவரைக் கேட்கலாம். ஆணா பெண்ணா என்றும் கேட்கலாம். இலங்கைத் தமிழா என்றும் கேட்கலாம், என்னைக் கேட்டால் அது முக்கியம்.

மகளுக்கு இப்போது இருபது வயது. போன மாதம் சமையலறையில் நின்று, "அப்பா, நான் அண்டைக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேணும்" என்றாள். "நான்தானே பிள்ளை இல்லை எண்டு சொல்லச் சொன்னனான்" என்றேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அடுத்த கிழமை திரும்ப ஸ்கானுக்குப் போகவேண்டும், தான் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியில் இருப்பாளாம்.